கார் என்ஜினைக் குறை சொல்லாதீர்கள், பெற்றோலையும் தீப்பொறியையும் கேளுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு "ஆசிரியர்மார் பிள்ளைகளை மட்டம் தட்டுகிறார்கள்" என்று கீழே எழுதவேண்டாம். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே காணொளி சுற்றுகிறது. பழைய ஓல்டோ காரின் என்ஜினைக் கழற்றி, அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் முன்பக்கம் பூட்டி, மரத்தில் செதுக்கிய புரொப்பெல்லரை மாட்டி, மைதானத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நிலத்தை விட்டு இன்னும் எழும்பவில்லை. அடுத்த மாதம் எழும்புமாம். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நாங்கள் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கீழே வந்த கருத்துகள் இரண்டு வகை. ஒரு பக்கம் "மாஷா அல்லாஹ்", "மலையகத்தின் ரைட் சகோதரர்கள்", கைதட்டல் படங்கள். மறுபக்கம் "வேலை வெட்டி இல்லாதவனுகள்", "முதலில் ரோட்டுல ஓட்டப் பழகு". நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த என்ஜினுக்கு என்ன பெற்றோல் ஊற்றினீர்கள், அது எந்த வழியாகப் போகிறது, பிளக்கில் தீப்பொறி வருவதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிற நாங்கள் சிலர் கூடிப் பேசி இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் கேலி செய்கிறவர்களுக்கு. கார் என்ஜின் பறக்கும். அதில் சந்தேகமே இல்லை. 1903 டிசம்பர் 17இல் ரைட் சகோதரர்கள் பறந்தது சார்லி டெய்லர் என்ற சைக்கிள் கடை மெக்கானிக் செய்து கொடுத்த நாலு சிலிண்டர் என்ஜினில்தான். ஏறக்குறைய 12 குதிரைவலு. 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பேர்னார்ட் பீட்டன்பொல் என்பவர் ஃபோர்ட் மொடல் ஏ காரின் என்ஜினை அப்படியே வைத்து 'எயர் கேம்பர்' விமானத்தைப் பறக்கவிட்டார். அந்த வரைபடத்தை வைத்து இன்றைக்கும் ஆட்கள் கட்டுகிறார்கள். வொக்ஸ்வாகன் வண்டு கார், சுபாரு, சுசுக்கி என்று பறக்காத கார் என்ஜின் குறைவு.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம்முடைய நாட்டில் ரே விஜேவர்தன இருந்தார். 1924இல் பிறந்து 2010இல் காலமானவர். கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். தானே கட்டிய இலகு விமானங்களில் தானே பறந்தவர். 'லாண்ட்மாஸ்டர்' என்ற இரண்டு சக்கர டிராக்டரை உண்டாக்கிவிட்டு, பிற்காலத்தில் அந்த உழவு முறை நம்முடைய மண்ணுக்குச் சரிவராது என்று மேடையில் சொல்லும் துணிச்சலும் அவருக்கு இருந்தது. நாம் தேயிலைக்கு நடுவில் நிழலுக்கும் பசளைக்கும் வெட்டிப்போடுகிற கிளிரிசிடியாவை நாட்டின் எரிபொருளாக்கவேண்டும் என்று கடைசிவரை வாதாடியவரும் அவர்தான். என்ஜினைப் பற்றிப் பேசும்போது அதற்குள் என்ன எரிகிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பேசிய மனிதர்.

இந்தியப் பக்கம் பார்த்தால் இடுக்கியில் சஜி தாமஸ் இருக்கிறார். அதுவும் நம்மைப்போலத் தேயிலையும் மலையும் உள்ள மாவட்டம். காது கேளாது, பேச முடியாது. இரண்டு பேர் அமரும் இலகு விமானத்தைத் தன் கையால் கட்டினார். அவருடைய கதையைத் தழுவித்தான் 2017இல் 'விமானம்' என்ற மலையாளப் படம் வந்தது. அந்த விமானத்தைத் திருநெல்வேலி மணிமுத்தாறில் சோதித்துப் பறந்தது ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர். படம் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் மட்டும் மறந்துபோகிறது.

ஆக, ஏழைப் பிள்ளை கட்டினால் விமானம் ஆகாதா என்று எங்களிடம் கேட்கவேண்டாம். ஆகும்.

இனிக் கைதட்டுகிறவர்களுக்கு. அப்பாஸ் இப்னு பிர்னாஸின் படத்தைப் போட்டு "நாங்கள் 9ஆம் நூற்றாண்டிலேயே பறந்தவர்கள்" என்று எழுதியவர்கள், மக்கரி எழுதிவைத்த அந்தக் குறிப்பை முடிவுவரை வாசிக்கவேண்டும். குர்துபாவில் அவர் பறந்தார், இறங்கும்போது முதுகில் அடிபட்டது, பறவை வாலை ஊன்றித்தான் இறங்குகிறது என்பதைக் கவனித்து வால் வைக்க மறந்துவிட்டார் என்றுதான் அதில் இருக்கிறது. முன்னோரின் பெருமையைப் பகிர்கிறவர்கள் அந்த வாலையும் சேர்த்துப் பகிர்ந்தால் நல்லது.

எங்கள் வாதம் இதுதான். காரிலிருந்து எடுத்த என்ஜின் வானத்தில் நின்றுபோனால், பிஸ்டன் உடைந்தோ கிராங்க் முறிந்தோ நிற்பது ஒரு பங்கு. பெற்றோல் வராமலோ தீப்பொறி வராமலோ நிற்பதுதான் நாம் முதலில் பயப்படவேண்டிய பங்கு. இரும்பைச் செய்தவன் ஜப்பான் தொழிற்சாலைக்காரன், அவன் வேலை சுத்தம். பெற்றோல் குழாயும் வயரும் நம்முடைய கை வேலை. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் வீட்டில் கட்டும் விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே சிறு விமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் வீட்டில் கட்டியவை. ஆனால் 2011இல் நடந்த விபத்துகளில் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் அவற்றுடையவை. பறப்பைக் கட்டுப்படுத்த முடியாமற் போவதும் என்ஜின் பக்கத்துக் கோளாறுமே முன்னால் நின்ற காரணங்கள். பணமும் கருவிகளும் பயிற்சியும் உள்ள நாட்டிலேயே நிலைமை இது.

பெற்றோலில் தொடங்குவோம்.

சமதரை ரோட்டில் மணிக்கு 60 கிலோமீற்றர் போகிற ஓல்டோ தன் முழுச் சக்தியில் கால்வாசிகூட எடுப்பதில்லை. விமானம் அப்படியல்ல. எழும்பும்போது முழு திறப்பு, ஏறி முடியும்வரை முழு திறப்பு, அதற்குப் பிறகும் முக்கால்வாசிச் சக்தியில் மணிக்கணக்காக. ஓட்டோ ஓட்டுகிற நானாமாருக்குத் தெரியும், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது என்ஜினுக்குள் "டக் டக்" என்று ஒரு தட்டல் கேட்கும். பெற்றோல் தன்பாட்டில், நேரத்துக்கு முன்னால் வெடிக்கிற சத்தம் அது. ரோட்டில் கியரைக் குறைத்தால் போய்விடும். விமானத்தில் புரொப்பெல்லர் சத்தத்தில் அது காதுக்கே கேட்காது. ஏற்றமும் முடியாது. சில நிமிடங்களில் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அதைத் தடுப்பதுதான் ஒக்டேன் எண். 92ஆ 95ஆ என்பது பணக்காரன் ஏழை விஷயமல்ல. அந்த என்ஜினின் அழுத்த விகிதம் என்ன, தீப்பொறி எவ்வளவு முன்னதாக அடிக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம். விமானத்துக்கென்றே செய்கிற ரொட்டாக்ஸ் 912 என்ஜின் இருக்கிறது. அதன் 80 குதிரைவலு வகைக்குக் குறைந்தது 90 ஒக்டேன் போதும் என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். 100 குதிரைவலு வகைக்கு 95 வேண்டும். ஒரே குடும்பத்து என்ஜின்தான், அழுத்த விகிதம் வேறு. காணொளிக்குக் கீழே "95 அடிச்சா பறக்கும்" என்று எழுதிய தம்பி, 95 சக்தியைக் கூட்டாது. தட்டலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இதில் மலைநாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். 100 குதிரைவலு என்ஜின் இங்கே சுமார் 80தான் தரும். காற்றுக் குறைவு என்பதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு, குறைந்த ஒக்டேனும் தட்டாமல் ஓடும். "பார்த்தீர்களா சேர், 92லேயே ஒழுங்காக ஓடுகிறது" என்பார்கள். இங்கே ஓடும்தான். காபரேற்றர் போட்ட என்ஜின் என்றால் இந்த மலைக்கு ஏற்றபடி ஜெட்டைச் சிறிதாக்கியிருப்பார்கள். அதே என்ஜினைத் தூக்கிக்கொண்டு தாழ்நிலத்தில் போய் முழுத் திறப்பு கொடுத்தால், காற்று நிறைய, பெற்றோல் குறைவு, ஒக்டேனும் குறைவு. தட்டல் அங்கே தொடங்கும். மலையில் 50 மணித்தியாலம் ஓடியது என்ற பெருமை, இரத்மலானையில் 5 நிமிடத்துக்குச் செல்லாது.

அடுத்தது மண்ணெண்ணெய். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 2022ஐ நாம் யாரும் மறக்கவில்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று பெற்றோலை நிறுத்தினார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டோ ஓட்டாத சந்தி இந்த மலையில் இருந்ததா? லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 340 ஆனபோதுதான் அந்தக் கலவை குறைந்தது. குடும்பத்தைப் பார்க்கச் செய்தார்கள், அதை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் நம்முடைய பிள்ளைகள் ஒரு பாடத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். எதை ஊற்றினாலும் என்ஜின் ஓடும், புகை வந்தால் வரட்டும், நின்றால் இறங்கித் தள்ளலாம் என்ற பாடம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்வு. கொஞ்சம் கலந்தாலே தட்டல் வரும்.

"கட்டுநாயக்கவில் ஆள் இருக்கிறார், விமான எண்ணெயே எடுக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சகோதரரே, ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெயின் அக்கா மகள். தீப்பொறி என்ஜினில் அதை ஊற்றினால் நாம் மேலே சொன்ன கதைதான் நடக்கும்.

உண்மையான விமானப் பெற்றோல் வேறு. 100எல்எல் என்பார்கள். 'குறைந்த ஈயம்' என்று பெயர், ஆனால் லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். 2002இல் நம்முடைய கார்ப் பெற்றோலிலிருந்து எடுத்துவிட்ட அதே ஈயம். பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் என்று உலகமே விரட்டிய சாமான். விமானத்துக்கு விமானப் பெற்றோல்தான் மரியாதை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நவீன கார் என்ஜினுக்கு ஈயம் எதிரி. ஒட்சிசன் சென்சரைக் கெடுக்கும், பிளக்கில் படியும். ரொட்டாக்ஸ்காரர்களே அதை அதிகம் ஊற்றினால் 25 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். கார் என்ஜினுக்கு ஈயமில்லாத கார்ப் பெற்றோல்தான் பொருத்தம். இது எங்கள் முடிவு. ஆனால் அதற்குச் சில கடன்கள் உண்டு.

ஒன்று ஆவி. நுவரெலியாவில் பருப்பு வேக ஏன் நேரம் எடுக்கிறது என்று தரம் 9இல் கேட்போம். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பெற்றோலுக்கும் அதே விதி. அதிலும் கார்ப் பெற்றோல் விமானப் பெற்றோலைவிட எளிதில் ஆவியாகும். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 20 லீற்றர் கேன் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கிறது. பம்ப் முன்னால், என்ஜின் புகைக்குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில். அந்தப் பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து பெற்றோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் இன்னும் குறையும், பக்கத்தில் சூடு, மேலே ஏற ஏற வெளிக்காற்றும் மெலிகிறது. குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்துக் குமிழி கட்டும். பம்ப் குமிழியை இழுக்காது. என்ஜின் நிற்கும். கேனில் பெற்றோல் நிறைய இருக்கும்.

மருந்து விலை உயர்ந்ததல்ல. பம்பைத் தாங்கிக்குப் பக்கத்தில், தாங்கியைவிடத் தாழ்வாக வையுங்கள். உறிஞ்சவேண்டாம், தள்ளட்டும். மிஞ்சின பெற்றோல் திரும்பித் தாங்கிக்கே போக ஒரு குழாய் விடுங்கள். சூட்டுப் பக்கம் போகிற இடத்தில் உறை போடுங்கள். இரண்டு பம்ப், இரண்டு வடி.

இரண்டாவது தண்ணீர். இந்த ஊர்ப் பனியில் பாதி நிறைந்த கேனை இரவு வைத்தால் காலையில் உள்பக்கம் வியர்த்திருக்கும். தாங்கியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வடிக்கும் வால்வு இல்லாத விமானத்தில் பூனையைக்கூட ஏற்றக்கூடாது. ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்துப் பார்க்கவேண்டும். அடியில் முத்துப்போல நின்றால் அது தண்ணீர்.

இதோடு ஈதனோல். இந்தியாவில் 2025இல் பெற்றோலோடு 20 சதவீதம் ஈதனோல் கலக்கும் இலக்கை எட்டிவிட்டார்கள். நம்முடைய பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் இந்திய யூடியூப். அங்கே ஒருவர் சொல்கிற ஜெட் அளவை இங்கே போட்டால் கணக்குத் தப்பும், ஏனென்றால் ஈதனோலில் பெற்றோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது, அளவு கூட்டி ஊற்றவேண்டும். அது தண்ணீரையும் இழுக்கும், பழைய இறப்பர்க் குழாயையும் ஊறவைக்கும். நம்முடைய ஷெட்டில் என்ன வருகிறது என்று யாரையும் நம்பவேண்டியதில்லை. ஒடுக்கமான கண்ணாடிப் போத்தலில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். அதன்மேல் ஒன்பது பங்கு பெற்றோல். மூடிக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் தண்ணீர் மட்டம் கோட்டைவிட உயர்ந்திருந்தால் ஈதனோல் இருக்கிறது. நெருப்புக்குத் தூரமாக, வெளியில், பெரியவர்கள் செய்யவேண்டியது.

மூன்றாவது, மூடுபனிக்குள் காபரேற்றர் உறைவது. "இலங்கையில் ஐஸா?" என்று சிரிக்காதீர்கள். காபரேற்றரின் ஒடுக்கமான கழுத்தில் காற்று விரைந்து பெற்றோல் ஆவியாகும்போது வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் இறங்கும். வெளியே 15 பாகை, ஈரம் நிறைந்த மூடுபனி. நுவரெலியாவின் சாதாரண காலை அதுதான். எளிதில் ஆவியாகும் கார்ப் பெற்றோலில் இது இன்னும் மோசம். சூடான காற்றைத் திருப்பிவிடும் ஏற்பாடு இல்லாமல் இந்த மலையில் காபரேற்றர் என்ஜினோடு எழும்பக்கூடாது. இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஓல்டோ என்ஜினுக்கு அது இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய காபரேற்றரைப் போடலாம் என்று யோசனை சொன்ன கராஜ் பாஸ்மாரிடம் மரியாதையோடு சொல்கிறோம், வேண்டாம்.

காஸ் சிலிண்டர் பூட்டலாம் என்றவர்களுக்குப் பதில் எழுத எங்களுக்குப் பொறுமை இல்லை. சிலிண்டரின் பாரத்தைத் தூக்கிப் பாருங்கள்.

இப்போது தீப்பொறி. "லட்சக்கணக்கான கார் ஓடுகிறது, எத்தனை கார் பிளக் பிரச்சினையால் நிற்கிறது?" என்பது நல்ல கேள்விதான். பிளக்கால் நிற்பது குறைவு. மின்சாரம் போனால் நிற்கும். இன்ஜெக்‌ஷன் போட்ட கார் என்ஜினில் பெற்றோல் பம்ப், கணினிப் பெட்டி, இன்ஜெக்டர், கொயில் நாலும் ஒரே பற்றரியை நம்பியிருக்கின்றன. எல்லாமாக 12 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றரி 35 அம்பியர் மணி. ஒல்டனேற்றர் பெல்ட் அறுந்தால் தாளில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் வரும். ஆனால் பற்றரி இறங்க இறங்க வோல்ட் விழும், கணினிப் பெட்டி அதற்கு முன்னமே மயங்கும். இரண்டு வருடப் பழைய பற்றரி என்றால் அந்தக் கணக்கை நம்பி யாரும் ஏறமுடியாது.

இது கற்பனைப் பயமல்ல. ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் 2007 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறோம். டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை என்ஜின் விமானம். இரண்டும் மெர்சிடிஸ் காரின் டீசல் என்ஜினிலிருந்து உருவாக்கி, அனுமதியும் பெற்ற என்ஜின்கள். டீசல், தீப்பொறியே தேவையில்லை. பற்றரி இறங்கியிருந்ததால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்து எழும்பினார்கள். எழும்பியதும் சக்கரத்தை உள்ளே இழுத்தார்கள். அந்த மோட்டார் இழுத்த இழுவையில் ஒரு கணம் வோல்ட் விழுந்தது. இரண்டு என்ஜின்களின் கணினிகளும் ஒரே நேரத்தில் அணைந்து எழுந்தன. இரண்டு என்ஜினும் நின்றன. விமானம் உடைந்தது, உயிர்கள் தப்பின. காரிலிருந்து வந்த நல்ல என்ஜின்கள் இரண்டு, எண்ணெய் நிறைய, அனுபவமுள்ள தொழிற்சாலை. ஒரு செத்த பற்றரி போதுமாக இருந்தது.

நுவரெலியாவில் மார்கழிக் காலையில் பக்கத்து வானிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் எடுக்காதவர் யார்? அதே பழக்கத்தோடு இந்தப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போவார்கள். காணொளியின் 40ஆவது விநாடியில் ஒரு வேனின் பொனெட் திறந்திருக்கிறது. அது ஏன் என்று கேளுங்கள்.

பழைய விமானங்களில் மக்னீற்றோ என்ற ஒன்று உண்டு. தோட்டத்தில் புல் வெட்டுகிற மெஷினுக்குப் பற்றரி இருக்கிறதா? இல்லை. கயிற்றை இழுத்தால் அது சுற்றுகிற சுற்றிலேயே தீப்பொறிக்கு மின்சாரம் உண்டாகும். அதே தத்துவம்தான். செஸ்னா போன்ற விமானத்தில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு மக்னீற்றோ. எழும்புமுன் விமானி ஒன்றை அணைத்துப் பார்ப்பார், சுழற்சி சற்றுக் குறையும், பிறகு மற்றதை அணைத்துப் பார்ப்பார். ரொட்டாக்ஸிலும் இரண்டு தனித்தனி மின்னணுத் தீப்பொறி, இரண்டுக்கும் என்ஜினே மின்சாரம் தரும், பற்றரி செத்தாலும் ஓடும்.

மக்னீற்றோதான் உத்தமம் என்று நாங்கள் பழமை பேசவில்லை. அதன் தீப்பொறி பெரும்பாலும் ஒரே கோணத்தில் அடிக்கும், குளிரில் ஸ்டார்ட் சிரமம், பெற்றோலும் கூடச் செலவாகும். கார் மின்னணு முறை அதைவிடப் புத்திசாலி. ஆனால் புத்திசாலி ஒருவனை மட்டும் நம்பி மேலே போகக்கூடாது. ஓல்டோவின் ஒரு பிளக் தலையைக் கடைந்து இரண்டாக்கச் சொல்லவில்லை. கணினிப் பெட்டி இரண்டு, சுழற்சி சென்சர் இரண்டு, பற்றரி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி சுவிட்ச். ஒன்றை அணைத்தால் மற்றதில் என்ஜின் ஓடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் நிலத்திலேயே பார்க்கவேண்டும். அதற்குக் காசில்லை என்றால் பறப்பதற்கும் இன்னும் காசில்லை என்றுதான் அர்த்தம்.

"விழுந்தால் தன் உயிர்தானே, அவனுக்குத் தைரியம் இருக்கிறது" என்று எழுதியவருக்குக் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறோம். இப்படிப்பட்ட விமானம் என்ஜின் நின்றால் ஓர் அடி இறங்குவதற்குள் எட்டு அடிபோல முன்னால் போகும். 1,000 அடி உயரத்திலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர்கூட வராது. அந்த இரண்டரைக் கிலோமீற்றருக்குள் ஹட்டனில் என்ன இருக்கிறது? தேயிலைச் சரிவு, டர்பன்டைன் மரம், பள்ளத்தாக்கு, காசல்ரீ நீர்த்தேக்கம், லயன் கூரைகள். சரிவில் கூடையோடு நிற்கிற பெண்கள். அவர்கள் எந்தக் காணொளிக்கும் லைக் போடவில்லை, யாருடைய தைரியத்துக்கும் கையெழுத்து வைக்கவில்லை.

இந்த மலைக்கு அந்த நினைவு புதிதல்ல. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன மார்ட்டின் எயர் டிசி-8 ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். அது என்ஜின் கோளாறல்ல, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று விமானிகள் தவறாகக் கணித்தது. இருந்தாலும் சரிவில் ஏறி அந்த ஜனாஸாக்களைத் தேடியது நோர்ட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்து மக்கள்தான். இங்கே வானத்திலிருந்து எது விழுந்தாலும் பொறுக்கப்போவது அதே ஆட்கள்.

சட்டமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் மைதானத்திலிருந்து எழும்பினால் பிள்ளைகள் நேரே பொலிசுக்குத்தான் போவார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகும், சான்றிதழ் இல்லாத என்ஜின் என்றால் வழக்கமாக முதல் 40 மணித்தியாலம் ஆள் நடமாட்டமில்லாத பகுதியில் சோதித்துப் பறந்த பிறகே மற்றவரை ஏற்றுவார்கள். நம்முடைய பிள்ளைகள் இன்னும் கயிற்றில் கட்டி ஓட்டிய மணித்தியாலங்களைக்கூட எழுதிவைக்கவில்லை என்று கேள்விப்படுகிறோம்.

மட்டம் தட்டுவதாகச் சொல்கிறவர்களே, நம்முடைய தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே கிடையாது. தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது, இன்னும் பல பிள்ளைகளுக்கு அது பக்கத்து நகரத்துப் பாடசாலையின் கதை. அப்படியிருந்தும் ஒரு என்ஜினைக் கழற்றி, சுழற்சியைக் குறைத்து, மரத்தில் புரொப்பெல்லர் செதுக்கி, அதை நடுங்காமல் ஓடவிட்டிருக்கிறார்கள் என்றால் அந்தக் கைகளுக்கு நாங்கள் எழுந்து நிற்கிறோம். கைதட்டிவிட்டுக் கலைந்து போகிற கூட்டத்தைவிட, "பம்ப் ஏன் அங்கே இருக்கிறது" என்று கேட்கிற ஒருவர்தான் அவர்களுக்கு வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் நம்மை நம்பித்தான் அவர்களைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அது அமானிதம்.

ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலும், கோயில் திருவிழாவிலும் இவர்களுக்காகக் காசு சேர்க்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சேருங்கள், நாங்களும் தருவோம். ஆனால் அந்தக் காசு கேடயத்துக்கும் பெனருக்கும் போகக்கூடாது. முதலில் இரண்டாவது பற்றரி. அடுத்தது தாங்கிக்கு அடியில் வைக்க இரண்டு பம்ப், ஈதனோல் தாங்கும் குழாய், வடிக்கும் வால்வு. அதற்குப் பிறகு இரண்டாவது கணினிப் பெட்டியும் சென்சரும். பிறகு ஒரு நல்ல கயிறும் ஒரு கொப்பியும், கட்டிவைத்து 50 மணித்தியாலம் ஓட்டி, என்ன பெற்றோல், என்ன சூடு, எத்தனை வோல்ட் என்று எழுதுவதற்கு. கொப்பியை நாங்கள் பார்த்துக் கையெழுத்து வைக்கிறோம். அதன் பிறகு கொழும்புக்குப் போய் அனுமதி கேட்க பஸ் காசு. இறக்கைத் துணிக்கு நிறம் அடிக்க மிச்சம் இருந்தால் பார்ப்போம்.